இப்ராகிமோவிச் ஒப்பந்தமும் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சி இரசிகர்களும்

சுவீடன் நாட்டுக் கால்பந்து முன்கள வீரரான ஸ்லாட்டன் இப்ராகிமோவிச், ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சி கழகத்தில் இணைந்ததாக 2018 மார்ச்சு 23 அன்று அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 36. ஓராண்டுக்கு முன்னர் முழங்காலில் கடுமையான காயம் அடைந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். வயது முதிர்ந்த வெளிநாட்டு வீரர் ஒருவரைப் பெரும் விளம்பரத்துடன் அழைத்து வருவது அமெரிக்கக் கால்பந்தில் புதிய வழக்கம் அன்று. ஆயினும் இந்த ஒப்பந்தத்தை இரசிகர்கள் எதிர்கொண்ட விதமும், அடுத்த ஐந்தாண்டுகளில் அவர்களுடைய மனநிலை மாறிய விதமும், இரசிகர் என்பவர் வீரரின் பக்கமா கழகத்தின் பக்கமா என்ற கேள்வியைத் தெளிவாக எழுப்பின. அந்த வகையில் இந்நிகழ்வு தனியே ஆராயத்தக்கது.

பின்னணி

கேலக்சி, அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்துத் தொடரான மேஜர் லீக் சாக்கரின் (சுருக்கமாக எம்.எல்.எஸ்) தொடக்கக் கழகங்களுள் ஒன்று. 2002, 2005, 2011, 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. 2007இல் இங்கிலாந்தின் டேவிட் பெக்காமை அழைத்து வந்து உலகின் கவனத்தை ஈர்த்ததும் இக்கழகமே. இப்பெருமைகளுக்குப் பின்னர் 2017ஆம் பருவம் வந்தது. 34 ஆட்டங்களில் 8 வெற்றிகள், 18 தோல்விகள். 22 அணிகளில் கடைசி இடம். பயிற்சியாளர் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். ஐரோப்பாவில் இத்தகைய அணி கீழ்நிலைப் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருக்கும். எம்.எல்.எஸ்ஸில் அந்த முறை இல்லாததால் தோல்விக்குத் தண்டனை இல்லை. இரசிகரின் அதிருப்தி ஒன்றே உரிமையாளர் மீது செலுத்தக்கூடிய அழுத்தம்.

இதே வேளையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மையப் பகுதியில் எல்.ஏ.எப்.சி என்ற புதிய கழகம் உருவாகி 2018இல் களமிறங்கவிருந்தது. கேலக்சியின் அரங்கம் நகருக்குத் தெற்கே கார்சன் என்ற ஊரில் உள்ளது. நகர மையத்தில் புதிய அரங்கம், புதிய வண்ணங்கள், மெக்சிக்கோ நாட்டு வீரர் கார்லோசு வேலா என ஓர் எதிரணி எழுந்து நின்றபோது, இருபதாண்டுக் காலத்துக்கும் மேலாக நகரைத் தனதாகக் கருதியிருந்த கேலக்சி இரசிகர்களுக்கு முதன்முறையாக ஓர் அச்சம் தோன்றியது. இப்ராகிமோவிச்சின் வருகை இந்த அச்சத்துக்குக் கிடைத்த மறுமொழி எனலாம்.

லீக்கின் ஊதிய விதிகள்

இரசிகர்களின் வாதங்களைப் புரிந்துகொள்ள எம்.எல்.எஸ்ஸின் ஊதிய முறையைச் சற்று அறிந்திருத்தல் வேண்டும். ஐ.பி.எல் துடுப்பாட்டத் தொடரில் ஒவ்வோர் அணியும் ஏலத்தில் செலவிடக்கூடிய தொகைக்கு வரம்பு இருப்பதைப் போல, இங்கும் ஒவ்வோர் அணியின் மொத்த ஊதியத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2018இல் அது ஏறத்தாழ 40 இலட்சம் டாலர். ஒரு வீரருக்கு இவ்வரம்புக்குள் காட்டக்கூடிய பெருமத் தொகை ஏறத்தாழ 5 இலட்சம் டாலர்.

பெக்காமை அழைத்து வருவதற்காக 2007இல் இதற்கு ஒரு விதிவிலக்கு உருவாக்கப்பட்டது. பெயர் குறிக்கப்பட்ட சில வீரர்களுக்கு மட்டும் உரிமையாளர் விரும்பிய அளவு ஊதியம் வழங்கலாம். இதனைப் பலரும் 'பெக்காம் விதி' என்றே அழைக்கின்றனர். பின்னர் இத்தகைய இடங்கள் அணிக்கு மூன்றாக உயர்த்தப்பட்டன. ஆகவே ஒரு மூத்த நட்சத்திரத்தை அமர்த்தும்போது, அந்த இடம் ஓர் இளம் வீரருக்குக் கிடைக்காமல் போகிறது. பணம் உரிமையாளருடையது, இடம் அணியினுடையது.

2018 மார்ச்சில் கேலக்சியின் மூன்று சிறப்பு இடங்களும் நிரம்பியிருந்தன. எனவே இப்ராகிமோவிச் வேறொரு நிதி ஒதுக்கீட்டின் கீழ், ஆண்டுக்கு 15 இலட்சம் டாலர் என்ற அளவில் இணைந்தார். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் அவர் பெற்றதில் இது மிகச் சிறிய பங்கே. 'ஓய்வூதியத்துக்காக வருகிறார்' என்ற வழக்கமான குற்றச்சாட்டின் கூர்மை இதனால் முதலாண்டில் வெகுவாக மழுங்கியது.

அறிவிப்பும் முதல் எதிர்வினைகளும்

அறிவிப்பு வெளியான நாளில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வந்தது. நகரத்தை விளித்து, 'நன்றி கூறத் தேவையில்லை' என்ற பொருள்படும் ஒரே வரி, கீழே கையொப்பம். இன்னும் பந்தைத் தொடாத ஒருவர் நன்றியை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது போன்ற இந்த விளம்பரம் பலரைச் சிரிக்க வைத்தது, சிலரை எரிச்சலூட்டியது. மார்ச்சு 29 அன்று அவர் வந்திறங்கியபோது விமான நிலையத்தில் இரசிகர்கள் திரண்டு வரவேற்றனர்.

மகிழ்ந்தவர்களின் வாதம் எளிமையானது. மால்மோ, அயாக்சு, யுவென்டசு, இன்டர், பார்சிலோனா, மிலான், பாரிசு, மான்செஸ்டர் எனப் பெருங்கழகங்களில் ஆடியவர். சுவீடன் அணிக்காக 62 கோல்கள் அடித்து அந்நாட்டின் முதல்நிலைக் கோலாளராக விளங்குபவர். கடைசி இடத்தில் கிடந்த அணிக்கு இத்தகையவர் வருவதே மானம் மீட்பது போன்றது. காயமடைந்த பருவத்தில் மான்செஸ்டருக்காக அனைத்துப் போட்டிகளிலும் 28 கோல்கள் அடித்திருந்தார் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

ஐயுற்றவர்கள் மூன்று காரணங்களைக் கூறினர். முதலாவது முழங்கால். இரண்டாவது, எம்.எல்.எஸ் என்றாலே முதியோர் தங்கும் தொடர் என்று ஐரோப்பியர் ஏளனம் செய்வதற்கு இது மேலும் இடமளிக்கும் என்பது. மூன்றாவது காரணமே கனமானது: 2017இல் அணி தோற்றதற்கு முன்களம் மட்டும் காரணமன்று. தடுப்பாட்டம் சிதைந்திருந்தது. வீட்டின் கூரை ஒழுகும்போது வாசலுக்குத் தேக்குக் கதவு வாங்குவது போன்ற செயல் இது என்பதே அவர்களின் கவலை.

கேலக்சி இரசிகர்கள் நட்சத்திரத்தைக் கண்டு மயங்கி நிற்பவர்கள் அல்லர் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். 2009இல் பெக்காம் இத்தாலியின் மிலான் கழகத்தில் கடனாக ஆடிவிட்டுப் பருவத்தின் நடுவில் திரும்பியபோது, சொந்த அரங்கிலேயே அவரைக் கண்டிக்கும் பதாகைகள் ஏந்தப்பட்டன. சினமுற்ற பெக்காம் விளம்பரப் பலகைகளைத் தாண்டிச் சென்று இரசிகர் பகுதியை எதிர்கொண்டார். அதற்காக லீக் அவருக்கு 1,000 டாலர் தண்டம் விதித்தது. அதே பெக்காம் 2011, 2012ஆம் ஆண்டுகளில் கிண்ணத்தை வெல்ல உதவிய பின்னர் அதே அரங்கில் போற்றப்பட்டு விடைபெற்றார். கழகத்துக்கு உண்மையாக இருக்கிறாரா என்பதே அவ்விரசிகர்களின் அளவுகோலாக இருந்துள்ளது.

முதல் ஆட்டம்

2018 மார்ச்சு 31 அன்று கேலக்சியும் எல்.ஏ.எப்.சியும் முதன்முறையாக மோதின. நகரின் புகழ்பெற்ற போக்குவரத்து நெரிசலைக் குறிக்கும் வகையில் 'எல் டிராபிகோ' என்று இரசிகர்கள் இம்மோதலுக்குப் பெயரிட்டனர். (எசுப்பானியாவின் 'எல் கிளாசிக்கோ'வைக் கேலி செய்யும் இப்பெயர் இன்று வரை நிலைத்துவிட்டது.) எல்.ஏ.எப்.சி 3-0 என முன்னிலை பெற்றது. 61ஆம் நிமிடத்தில் கேலக்சி ஒரு கோலைத் திருப்பியது. அரங்கில் இருந்த ஏறத்தாழ 27,000 பேரில் பெரும்பாலோர் இப்ராகிமோவிச்சை இறக்குமாறு முழங்கினர்.

71ஆம் நிமிடத்தில் அவர் மாற்று வீரராக இறங்கினார். சில நிமிடங்களில் கிறிசு பொன்டியசு இரண்டாவது கோலை அடித்தார். 77ஆம் நிமிடத்தில், 40 கெசத்துக்கு மேற்பட்ட தொலைவில் துள்ளி வந்த பந்தை இப்ராகிமோவிச் நிறுத்தாமல் ஓங்கி உதைக்க, அது முன்னே வந்து நின்ற இலக்குக் காவலரின் தலைக்கு மேலே சென்று வலைக்குள் விழுந்தது. ஆட்டநேரம் முடிந்து சேர்க்கப்பட்ட நேரத்தில், ஆசுலி கோல் அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி வெற்றிக் கோலையும் அவரே அடித்தார். இறுதி எண்ணிக்கை 4-3. நகரை வந்தடைந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன.

முதல் கோல் அவ்வாண்டின் சிறந்த கோலாகத் தெரிவு செய்யப்பட்டது. ஐயங்களை எழுப்பியவர்களின் குரல் அன்றோடு அடங்கியது. ஆனால் அதே ஆட்டத்தில் ஓர் அறிமுக அணியிடம் கேலக்சி மூன்று கோல்களை வாங்கியிருந்தது என்பதை அந்த ஆரவாரத்தில் எவரும் பெரிதாக எண்ணவில்லை.

கோல்களும் புள்ளிப்பட்டியலும்

அடுத்த இரு பருவங்களின் கணக்கு மகிழ்ந்தவர்களுக்கும் ஐயுற்றவர்களுக்கும் ஒருசேரச் சான்றளிக்கிறது.

2018இல் இப்ராகிமோவிச் 27 ஆட்டங்களில் 22 கோல்கள் அடித்தார். அணி மொத்தம் 66 கோல்கள் அடித்து 64 கோல்களை வாங்கியது. செப்டம்பரில் டொரான்டோ அணிக்கெதிராக, காற்றில் சுழன்று பின்புறமாக உதைத்து அவர் தம் வாழ்வின் 500ஆவது கோலை அடித்தார். காணொளிகளில் உலகெங்கும் பரவிய கோல் அது. அந்த ஆட்டத்தில் கேலக்சி 5-3 எனத் தோற்றது என்பது பலருக்கும் தெரியாது. பருவத்தின் கடைசி நாளில் சொந்த அரங்கில் ஊசுட்டன் அணியை வென்றிருந்தால் பிளே-ஆப் சுற்றுக்குத் தகுதி பெற்றிருக்கும். 2-0 என முன்னிலையில் இருந்த அணி 3-2 எனத் தோற்று, ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பை இழந்தது.

2019இல் அவருக்குச் சிறப்பு இடம் அளிக்கப்பட்டு ஊதியம் 72 இலட்சம் டாலராக உயர்ந்தது; அதுவரை எம்.எல்.எஸ் கண்ட மிக உயர்ந்த ஊதியங்களுள் ஒன்று இது. அவருக்கு இடமளிக்க மெக்சிக்கோ வீரர் கியோவானி தொசு சாந்தோசு ஒப்பந்தம் முடியுமுன்னரே பணம் கொடுத்து விடுவிக்கப்பட்டார். இப்ராகிமோவிச் 29 ஆட்டங்களில் 30 கோல்கள் அடித்தார். அணியின் மொத்தக் கோல்களோ 58 மட்டுமே. அதாவது அணியின் கோல்களில் பாதிக்கு மேல் 37 வயதைக் கடந்த ஒருவரின் காலிலிருந்தும் தலையிலிருந்தும் வந்தவை. வாங்கிய கோல்கள் 59.

ஒருவர் 30 கோல்கள் அடித்தும் அணி அடித்ததைவிட வாங்கியது மிகுதி என்ற இந்த ஒரு கணக்கு, பல பக்க விமர்சனங்களைவிடத் தெளிவானது. இதை வீரரின் குறையாகக் கருத இயலாது. அவர் தாம் வந்த வேலையைச் செய்தார். அவருடைய கோல்கள் கழக நிர்வாகத்தின் குறைகளுக்குத் திரையாக அமைந்தன என்பதே சரியான மதிப்பீடாகும்.

இரசிகர்கள் பெற்ற மகிழ்ச்சியைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. வழக்கமான பருவ ஆட்டங்களில் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எல்.ஏ.எப்.சியால் கேலக்சியை ஒருமுறைகூட வெல்ல இயலவில்லை. 2019 சூலையில் வேலாவைவிடத் தாமே பன்மடங்கு சிறந்தவர் என்று பேட்டியளித்துவிட்டு, அந்த வார ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்து 3-2 என வெற்றி தேடித்தந்தார். ஆனால் அப்பருவத்தில் 34 கோல்களுடன் லீக்கின் சாதனையை முறியடித்தவர் வேலாதான். அக்டோபர் 24 அன்று பிளே-ஆப் சுற்றில் எல்.ஏ.எப்.சி 5-3 என வென்று கேலக்சியை வெளியேற்றியது. களத்தைவிட்டு வெளியேறும்போது இப்ராகிமோவிச் இரசிகர் ஒருவரை நோக்கி நாகரிகமற்ற சைகை காட்டியது அவருடைய கடைசிக் காட்சியாக அமைந்தது.

விலகல்

2019 நவம்பர் 13 அன்று அவர் விடைபெற்றார். நீங்கள் கேட்டவரைத் தந்துவிட்டேன், இனிப் பேசுபால் பார்க்கத் திரும்புங்கள் என்ற பொருளில் அவர் விடுத்த செய்தியைக் கேலக்சி இரசிகர்களிற் பெரும்பாலோர் நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டனர். அமெரிக்காவில் கால்பந்துக்காகப் பல்லாண்டு உழைத்தவர்களுக்கு அது இனித்திருக்க வாய்ப்பில்லை.

அதே மாத இறுதியில் சுவீடனில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. கேலக்சியின் உரிமையாளரான ஏ.ஈ.ஜி நிறுவனம் சுடாக்கோமின் அம்மர்பி கழகத்திலும் பங்கு வைத்திருந்தது. அப்பங்கில் ஒரு பகுதியை இப்ராகிமோவிச் வாங்கினார். அவர் பிறந்து வளர்ந்த மால்மோ நகர இரசிகர்கள், எதிரணியில் பங்கு வாங்கியதைத் துரோகமாகக் கருதினர். அக்டோபரில்தான் அங்கு நிறுவப்பட்டிருந்த அவருடைய வெண்கலச் சிலை பலமுறை சேதப்படுத்தப்பட்டு, 2020 சனவரியில் வீழ்த்தப்பட்டது. இரண்டாண்டு விருந்தினரிடம் லாஸ் ஏஞ்சலஸ் காட்டிய பெருந்தன்மையை மண்ணின் மைந்தரிடம் மால்மோ காட்டவில்லை. விருந்தினரிடம் எதிர்பார்ப்பு குறைவு என்பதே இதற்குக் காரணமாகலாம்.

எர்னாண்டசும் 2023ஆம் ஆண்டுப் புறக்கணிப்பும்

கேலக்சி நிர்வாகம் கற்ற பாடம் வேறு விதமானது. 2020 சனவரியில், மெக்சிக்கோ அணிக்காக மிகுதியான கோல்கள் அடித்தவரான ஆவியர் 'சிச்சாரித்தோ' எர்னாண்டசு 31ஆம் வயதில் அழைத்து வரப்பட்டார். மெக்சிக்கோ வழித்தோன்றல்கள் பெருமளவில் வாழும் நகரில் இது பெரும் ஆர்வத்தை எழுப்பியது. முதல் பருவத்தில் அவர் அடித்தவை 2 கோல்கள் மட்டுமே. அடுத்த இரு பருவங்களில் 17, 18 என உயர்ந்து மதிப்பை மீட்டார். எனினும் 2017 முதல் 2023 வரையிலான ஏழு பருவங்களில் ஐந்தில் கேலக்சி பிளே-ஆப் சுற்றையே எட்டவில்லை.

இந்நிலையில் 2022 டிசம்பரில் லீக் ஒரு தண்டனையை அறிவித்தது. 2019இல் அர்கெந்தீன வீரர் கிறித்தியான் பவோனைக் கடனாக எடுத்தபோது, அவருக்கான சில கொடுப்பனவுகளைக் கழகம் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் அவர் நான்காவது சிறப்பு வீரராகக் கணக்கிடப்பட்டிருப்பார் என்பது குற்றச்சாட்டு. 10 இலட்சம் டாலர் தண்டம், 2023 கோடையில் வெளிநாட்டு வீரர்களை எடுக்கத் தடை, கழகத் தலைவர் கிறிசு கிளைன் தற்காலிக விலக்கம் ஆகியவை விதிக்கப்பட்டன. இப்ராகிமோவிச் கோல் மழை பொழிந்த அதே பருவத்தில் நடந்த செயல் இது என்பது குறிப்பிடத்தக்கது.

சில வாரங்களில், கிளைனின் ஒப்பந்தம் ஏற்கெனவே நீட்டிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. இரசிகர் குழுக்கள் பொறுமை இழந்தன. ஏஞ்சல் சிட்டி பிரிகேட், எல்.ஏ. ரயட் இசுகுவாடு, கேலக்சியன்சு உள்ளிட்ட குழுக்கள் கிளைன் பதவி விலகும் வரை ஆட்டங்களைப் புறக்கணிப்பதாக அறிவித்தன. முரசும் கொடியும் பாட்டும் நிறைந்திருந்த இருக்கைப் பகுதிகள் வெறிச்சோடின. தொலைக்காட்சியில் பார்ப்போருக்கும் அந்த வெறுமை தெரிந்தது. 2023 மே 30 அன்று கிளைன் நீக்கப்பட்டார். இரசிகர்கள் அரங்குக்குத் திரும்பினர். சூலை 4 அன்று ரோசு பவுல் அரங்கில் கேலக்சியும் எல்.ஏ.எப்.சியும் மோதிய ஆட்டத்துக்கு 82,110 பேர் வந்தனர். அக்காலம் வரை எம்.எல்.எஸ் ஆட்டமொன்றுக்குத் திரண்ட மிகப் பெரிய கூட்டம் அதுவே.

இப்புறக்கணிப்பு நடந்தபோது அணியில் எர்னாண்டசு இருந்தார். அவருக்கு எதிராக அது நடத்தப்படவில்லை. ஆனால் 2018இல் ஒரு நட்சத்திரத்தின் வருகை இரசிகர்களின் சினத்தை ஒரே வாரத்தில் தணித்தது. 2023இல் அது இயலவில்லை. இரசிகர்கள் இம்முறை கேட்டது புதிய வீரரை அன்று, பொறுப்பேற்கும் நிர்வாகத்தை.

2024ஆம் ஆண்டு வெற்றியும் அதன் பின்னரும்

சூன் மாதம் முழங்காலில் காயமுற்ற எர்னாண்டசு 2023 இறுதியில் விலகினார். அவருடைய இடத்துக்கு மூத்த முன்கள வீரர் எவரும் அழைக்கப்படவில்லை. பிரேசிலின் கேப்ரியல் பெக், கானாவின் சோசப் பெயின்ட்சில் ஆகிய இருபதுகளில் இருந்த இருவர் வந்தனர். ஏற்கெனவே அணியில் இருந்த எசுப்பானியாவின் ரிக்கி புய்க், செர்பியாவின் தெயான் யோவெலிச் ஆகியோருடன் அவர்கள் இணைந்து ஆடினர். 2024 டிசம்பர் 7 அன்று நியூயார்க் ரெட் புல்சு அணியை 2-1 என வென்று கேலக்சி தன் ஆறாவது கிண்ணத்தைப் பெற்றது. இரண்டு கோல்களையும் பெயின்ட்சிலும் யோவெலிச்சும் அடித்தனர். அவ்வணியில் செருமனியின் மார்கோ ரொய்சும் இருந்தார்; வயது 35. முதியவர் வேண்டாம் என்பதன்று, அணி அவர் ஒருவர் மீதே நிற்காதிருந்தது என்பதுதான் வேறுபாடு.

நகரின் மறுபக்கத்தில் எல்.ஏ.எப்.சி இதே சோதனையில் இறங்கியது. பிரான்சு அணிக்காக மிகுதியான கோல்கள் அடித்தவரான ஒலிவியே சிரூ, 2024 கோடையில் 37ஆம் வயதில் அங்கு சேர்ந்தார். அமெரிக்கத் திறந்தநிலைக் கிண்ண இறுதியாட்டத்தில் கோல் அடித்துக் கிண்ணம் வெல்ல உதவினார்; லீக் ஆட்டங்களில் அவருக்குக் கோல்கள் எளிதில் கிட்டவில்லை. 2025 கோடையில் பிரான்சின் லீல் கழகத்துக்குச் சென்றார். அவரை அடுத்து 2025 ஆகத்தில் தென்கொரியாவின் சன் இயுங்-மின் 33ஆம் வயதில் அதே கழகத்துக்கு வந்தார். கொரியாவுக்கு வெளியே கொரியர்கள் மிகுதியாக வாழும் நகரங்களுள் லாஸ் ஏஞ்சலசும் ஒன்று என்பதால், அவருக்குக் கிடைத்த வரவேற்பு 2018 மார்ச்சை நினைவூட்டியது. கேலக்சியோ அதே 2025ஆம் பருவத்தில், நடப்பு வாகையர் என்ற பெயருடன், முதல் 16 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை.